மல்கா மண்ணில் மரத்தை அமுக்கியது எது?

கொங்குப் பக்கம் ஒருவர் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வெள்ளாமை நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். நீலகிரியில் சொல்லும் காடு வேறு, ராமநாதபுரத்தில் சொல்லும் காடு வேறு. ஆஸ்திரேலியச் சட்டத்தில் காடு என்பது மூன்று எண்கள். குறைந்தது 0.2 ஹெக்டேர் பரப்பு, அதாவது நம் கணக்கில் அரை ஏக்கர். 2 மீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்ந்த மரங்கள். மேலிருந்து பார்த்தால் தரையில் 20 விழுக்காட்டையாவது மறைக்கும் தழை. இந்த மூன்றும் கூடினால் அது காடு. பார்ப்பதற்கு நம் ஊர்க் கண்மாய்க் கரையில் அங்கங்கே கருவேலம் நிற்பது போலத்தான் இருக்கும்.

இந்த மூன்று எண்களின் மேல்தான் குயின்ஸ்லாந்தின் தென்மேற்கிலும் நியூ சவுத் வேல்ஸின் மேற்கிலும் மரம் உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் வேளாண்மை என்ற பெருந்தொழில் நிற்கிறது. சார்லெவில், கன்னமல்லா, பர்க், கோபார் என்று ஊர்கள். ஆண்டு மழை 350 முதல் 500 மில்லிமீட்டர்; அதுவும் நினைத்தால் பெய்யும், நினைத்தால் மூன்றாண்டு பெய்யாது. செம்மறி, மாடு, வெள்ளாடு மேயும் மண். அதன் முதன்மையான மரம் மல்கா. நம் கருவேலம், வெள்வேலத்துக்கு உறவு முறை. ஆனால் அதற்குச் சீப்பு போன்ற சிற்றிலைகள் கிடையாது. இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. அந்தத் தட்டைக் காம்புகளும் கிளைகளும் வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்பதால், விழும் தூறல் கிளை வழியே தண்டுக்கு வந்து, தண்டு வழியே வேரடிக்கு இறங்குகிறது. மரமே தனக்கு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறது. இந்த மரத்தைப் பிடிக்காமல் போவது கடினம்.

2011-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் கார்பன் வேளாண்மைச் சட்டத்தை இயற்றியது. 2013-ல் அதன் கீழ் ஒரு முறை வந்தது. மனிதச் செயலால் மீளும் நிலையான, ஒரே வயது இயல்காடு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இந்த முறையில் மரம் நடுவதே கிடையாது. விதை தூவுவதும் கிடையாது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் விதையும் வேரும் தானாக எழுந்து வர விட வேண்டும். எதை நிறுத்தினால் அது எழும் என்று கண்டுபிடித்து, அதை நிறுத்த வேண்டும். அப்படி எழும் மரங்கள் உறிஞ்சும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கார்பன் வரவு. அதை அரசுக்கோ, உமிழ்வைக் குறைக்கக் கடமைப்பட்ட ஆலைகளுக்கோ விற்கலாம்.

ஆகவே இந்தத் தொழிலின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: இந்த நிலத்தில் மரத்தை இதுவரை அமுக்கி வைத்தது எது? எத்தனை டன் வரும், விலை என்ன போகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்விக்குப் பதில் நிலத்துக்கு நிலம் மாறும். மிகத் தெளிவான பதில் பிரிகலோ நிலத்தில் கிடைக்கிறது. பிரிகலோவும் ஒரு வேல மரம்தான். மல்காவுக்குக் கிழக்கே, கனத்த களிமண்ணில் வளர்வது. 1962-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இதைப் பெரும் பரப்பில் அழித்தார்கள். இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்தால் நடுவில் உள்ளதெல்லாம் சாயும். ஆனால் பிரிகலோவின் வேர் சாகாது. அடுத்த மழைக்கு வேர்க்கன்றுகள் அடர்த்தியாக எழும். உடைமையாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி இழுப்பார், அல்லது பூமிக்கடியில் போகும் அகலக் கத்தியால் வேரை அறுப்பார், அல்லது மருந்தடிப்பார். இங்கே மரத்தை அமுக்கியது இயந்திரம். கொள்முதல் ரசீதும் விமானப் படமும் சான்று சொல்லும். இயந்திரத்தை நிறுத்தினால் காடு வரும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது தள்ளிய மல்கா. வறட்சியில் புல் தீர்ந்தால் மேய்ச்சல்காரர் மல்கா மரத்தைப் புல்டோசரால் சாய்த்துத் தழையை ஆடுமாட்டுக்குக் கொடுப்பார். தழையில் டானின் மிகுதி. உயிரைப் பிடித்து வைக்கும், உடம்பு தேறாது. பாஸ்பரஸும் கந்தகமும் நக்கக் கொடுத்தால் கொஞ்சம் தாங்கும். பிரிகலோ போல மல்கா வேரிலிருந்து துளிர்ப்பதில்லை. அடியோடு சாய்த்தால் செத்ததுதான். மறுபடி வர விதை வேண்டும், விதை முளைக்க மழை வேண்டும், முளைத்தது பிழைக்க வாய் படாமல் இருக்க வேண்டும். இங்கும் பதில் ஓரளவு தெளிவு.

சிக்கல் மூன்றாவது வகையில். ஒருபோதும் இயந்திரம் படாத மல்கா நிலம். அங்கங்கே பெரிய மரம், நடுவே வெட்டவெளி. 'ஆடு மேய்ந்து மேய்ந்துதான் இப்படி ஆயிற்று, ஆட்டைக் குறைத்தால் காடாகும்' என்று பதிவு செய்யப்பட்ட திட்டங்கள் பல. சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அந்த மண்ணும் மழையும் தாங்குவதே அவ்வளவு மரம்தான். மேலும், மேற்கு நியூ சவுத் வேல்ஸில் மேய்ச்சல் நடந்துகொண்டிருக்கும்போதே புதர் அடர்ந்து புல்லை விழுங்குவதுதான் மேய்ச்சல்காரரின் நெடுநாள் புலம்பல். அந்தப் பக்கம் போய் 'மேய்ச்சலால்தான் மரம் வரவில்லை' என்றால் யோசிக்கத்தானே வேண்டும்?

நான்காவது, மரமே வரக் கூடாத நிலம். குயின்ஸ்லாந்தின் மிட்செல் புல்வெளி வெடிப்பு விழும் கரும்பழுப்புக் களிமண். இயல்பிலேயே புல்வெளி. அதைத் தவறிப்போன காடாக எண்ணக் கூடாது. இது நமக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டிய பாடம். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலிருந்தே சீகையையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்றுவரை சீகையை வெட்டி மாளவில்லை. கைமாறாக நம் பக்கத்துக் கருவேலம் அங்கே போய், அதே மிட்செல் புல்வெளியில் தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட களையாகிவிட்டது. நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று 1890-களில் கொண்டுபோனது.

எந்த நிலம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயற்கைக்கோள் படம் வேண்டும், சரி. திட்டத்துக்கு முந்தைய 10 ஆண்டு அங்கே காடு இல்லை என்று காட்டவும் அதுதான் சான்று. ஆனால் லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். முழங்கால் உயரக் கன்று அதில் தெரியாது. இறங்கி நடக்க வேண்டும்.

50 மீட்டர் நாடாவை நேராக விரியுங்கள். இருபுறமும் 2 மீட்டர் வரை உள்ள எல்லா மரத்தையும் கன்றையும் எண்ணுங்கள். 200 சதுர மீட்டர் ஆகிறது. அதில் ஒரு கன்று என்றால் ஹெக்டேருக்கு 50. பன்னிரண்டு இருந்தால் 600. ஒவ்வொன்றையும் அரை மீட்டருக்குக் கீழ், அரையிலிருந்து 2 மீட்டர், 2 மீட்டருக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் அடித்து ஜிபிஎஸ் குறியுங்கள். ஆண்டுதோறும் அதே கோட்டில், அதே மாதத்தில் நடக்க வேண்டும். கம்பத்தின் தலையிலிருந்து ஒரே திசையில் ஒரு புகைப்படம். கோடுகளைப் பாதையோரமாகவோ தண்ணீர்த் தொட்டியோரமாகவோ போட்டு ஏமாறாதீர்கள். தொட்டிக்கு அருகே, நடுவே, தொலைவில் என்று மூன்று வட்டத்திலும் வர வேண்டும்.

எண்ணிக்கையை விட அதிகம் சொல்வது கன்றின் உடம்பு. மண்டியிட்டு ஒரு கன்றை அடியிலிருந்து பாருங்கள். முழங்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் அடித்தண்டு கட்டை விரல் பருமன். பக்கவாட்டில் குட்டைக் கிளைகள் நெருக்கமாக, துடைப்பக் கட்டை மாதிரி. அது இந்த ஆண்டுக் கன்று இல்லை. பல ஆண்டாக முளை விட்டு, கடிபட்டு, மறுபடி முளை விட்டு நிற்கும் கிழக்கன்று. இப்போது நுனியைப் பாருங்கள். கத்தியால் சாய்வாகச் சீவினது போல் இருந்தால் முயல். நார் நாராகப் பிய்ந்திருந்தால் ஆடு; மேல் முன்பல் இல்லாத வாய் கடிக்காது, பிய்க்கும். பக்கத்தில் கிடக்கும் புழுக்கை, கங்காரு வந்து போயிற்றா என்பதையும் சொல்லும். பெரிய மரங்களில் தழை ஒரே மட்டத்தில், அளவுகோல் வைத்து வெட்டினாற்போல் நிற்கிறதா என்றும் பாருங்கள். செம்மறி எட்டும் மட்டம் ஒன்று. பின்னங்காலில் எழுந்து நிற்கும் வெள்ளாடு எட்டும் மட்டம் அதற்கு மேலே.

இப்படிப்பட்ட கிழக்கன்றுகள் நிறைய இருந்தால், மரத்தை அமுக்குவது வாய்தான் என்று நிலமே எழுதிக் கொடுத்துவிட்டது. கன்றே இல்லையென்றால் ஆட்டை ஓட்டிப் பயனில்லை. விதை இல்லை, அல்லது மழை இல்லை, அல்லது நிற்கும் மரங்களே மண்ணின் ஈரத்தையெல்லாம் எடுத்துக்கொள்கின்றன. ஐயம் தீர ஒரு வழி உண்டு: 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரத்தை ஆடு, முயல், கங்காரு எதுவும் நுழையாத வலையால் அடைத்து, அதன் பக்கத்திலேயே அதே அளவு திறந்த சதுரத்தைக் குறித்து, இரண்டிலும் கன்றுகளை எண்ணுவது. பத்தாயிரம் ஹெக்டேரைப் பதிவு செய்யும் முன் இப்படி ஐந்தாறு சதுரம் போடுவது பெரிய செலவே இல்லை. இதைச் செய்த திட்டங்கள் இன்னும் அதிகம் இருந்திருக்கலாம் என்று மனதார நினைக்கிறேன்.

வாய்தான் காரணம் என்று தெரிந்தால் வேலை தண்ணீரில் தொடங்குகிறது. மேய்ச்சலின் ஆணி அங்கே தண்ணீர்த் தொட்டிதான். செம்மறி பெரும்பாலும் தொட்டியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் மேயும். மாடு இன்னும் தொலைவு போகும். அந்தப் பகுதிக்கு அடியில் பெரிய ஆர்ட்டீசியன் நீர்த்தேக்கம் இருக்கிறது. நெய்வேலியில் பொங்குவது போல், போர் போட்டால் தண்ணீர் தானாக மேலே வரும். முன்பு அதைத் திறந்த மண் வாய்க்காலில் மைல் கணக்கில் ஓடவிட்டார்கள். பெரும்பகுதி ஆவியாகவும் கசிவாகவும் போனது. போன வழியெங்கும் வெள்ளாடும் பன்றியும் கங்காருவும் பெருகின. பிறகு அரசு உதவியோடு போர்களை மூடிக் குழாய் போட்டார்கள்; 1999 முதல் அது பெரிய திட்டமாகவே நடந்தது. குழாயும் தொட்டியும் இருந்தால் தண்ணீரை அடைக்கலாம். ஓர் அடைப்பில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் துண்டில், கன்று எழ வேண்டுமென்றால் ஆட்டை மட்டும் வெளியேற்றிவிட்டுத் தொட்டியைத் திறந்தே வைப்பது பெரும் பிழை. ஆடு போன இடத்துக்குக் காட்டு வெள்ளாடும் கங்காருவும் வந்துவிடும். கணக்கில் மேய்ச்சல் குறைந்திருக்கும், கன்றின் கணக்கில் குறைந்திருக்காது.

காட்டு வெள்ளாட்டைப் பிடிப்பதற்கும் தண்ணீரே கண்ணி. தொட்டியைச் சுற்றிக் கம்பிவலை அடைப்பு, உள்ளே போக ஒரு சரிவுப் பலகை. ஆடு பலகையில் ஏறி உள்ளே குதிக்கும். திரும்பி ஏற வழியிராது. தாகம் எடுக்கும் வெயில் காலத்தில்தான் இது வேலை செய்யும். நல்ல மழை பெய்து பள்ளமெல்லாம் தேங்கினால் ஒரு ஆடும் தொட்டிக்கு வராது, கண்ணி காலி. கொடுமை என்னவென்றால், கன்று முளைப்பதும் அதே மழையில்தான். ஆகவே வெள்ளாட்டை வறட்சியிலேயே குறைத்திருக்க வேண்டும்.

சுற்று வேலி இன்னொரு பெருஞ்செலவு. காட்டு நாய், ஆடு, கங்காரு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் வேலி ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம், முடிச்சு நகராத வலை. அடியில் ஒரு பாவாடை போல வலை தரையோடு படிய வேண்டும். இல்லையேல் பன்றியும் நாயும் தோண்டி நுழையும். வெள்ளம் போகும் ஓடைகளில் வேலி முதலில் அடித்துச் செல்லப்படும். அங்கே மேல் கம்பியிலிருந்து தொங்கும், தண்ணீர் வந்தால் விலகிக் கொடுக்கும் தட்டி தேவை. வெள்ளத்துக்கு மறுநாளே போய்ப் பார்க்காவிட்டால் மாதக் கணக்கில் உழைத்தது ஒரு வாரத்தில் போகும். கங்காரு இயல்விலங்கு, உரிமம் இல்லாமல் தொட முடியாது.

ஆட்டை முழுக்க வெளியேற்ற வேண்டியதில்லை. காலத்தைப் பார்த்து விட வேண்டும். அங்கே கோடை என்பது மார்கழி, தை, மாசி. கோடை மழையில் மல்கா பூக்கும். அதைத் தொடர்ந்து குளிர்காலத்திலும் மழை கிடைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். இரண்டும் சேர்வது எப்போதாவது. சேர்ந்த ஆண்டு தெரிந்துவிட்டால் அந்த அடைப்பை மூடி, முளைத்த கன்று வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை காக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காய் பிடிக்காத ஆண்டுகளில் அளவோடு மேய்க்கலாம்.

இனி எண். 20 விழுக்காடு தழை என்றால் எத்தனை மரம்? ஒரு ஹெக்டேரில் 2,000 சதுர மீட்டர் மூட வேண்டும். தழை விட்டம் 3 மீட்டர் என்றால் ஒரு மரம் ஏறத்தாழ 7 சதுர மீட்டர் மூடும். 280-க்கு மேல் மரம் தேவை. விட்டம் 4 மீட்டர் என்றால் 160 போதும். மேலே சொன்ன நாடாக் கோட்டில் ஆறு கன்று இருந்து, எல்லாம் பிழைத்தால் ஹெக்டேருக்கு 300. எல்லாம் பிழைக்காது.

கார்பனை யாரும் மரத்துக்கு மரம் அளப்பதில்லை. ஃபுல்காம் என்ற அரசுக் கணினி மாதிரிதான் கணக்கிடுகிறது. உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன். கார்பனை 44/12-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. ஒரு ஹெக்டேரில் உலர் எடை 10 டன் கூடினால் கார்பன் 5 டன், வாயு 18 டன் சொச்சம். அந்தக் கணினி மாதிரி, மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூஜ்ஜியத்திலிருந்து வளரத் தொடங்கியதாகக் கொள்கிறது. முறையின் பெயரிலேயே ஒரே வயதுக் காடு என்று இருக்கிறது. பிரிகலோவுக்கு அது பொருந்தும். முதிர்ந்த மரங்கள் ஏற்கெனவே நிற்கும் மல்காவுக்குப் பொருந்தாது. நிற்கும் மரத்தின் கார்பன் புதிதாக வந்தது போல் கணக்கில் ஏறலாம். நிற்கும் மரமே ஈரத்தை எடுத்துக்கொள்வதால் புதுக்கன்று, கணினி சொன்ன வேகத்தில் வளராமலும் போகலாம். ஆகவேதான் நிலத்தைக் கணக்குப் பகுதிகளாகப் பிரிக்கும்போது பாதை, அணை, களித்தரை, ஏற்கெனவே காடான துண்டு எல்லாவற்றையும் கத்தரித்து எடுக்க வேண்டும். இந்தக் கத்தரிப்பில் கண்டிப்புக் காட்டாதவர்கள் பின்னால் தணிக்கையில் பரப்பையே இழக்க நேர்கிறது.

2022-ல் இந்த முறையின் உள்ளேயிருந்தவர்களே கடுமையாகக் குறை சொன்னார்கள். அரசு, நாட்டின் முன்னாள் தலைமை அறிவியலாளர் இயன் சப் தலைமையில் குழு அமைத்தது. கார்பன் வரவுத் திட்டம் அடிப்படையில் சரி என்றது அந்தக் குழு, திருத்தங்களும் சொன்னது. 2024-ல் வெளியான ஆய்வொன்று 182 திட்டங்களை எடுத்து, மரப்போர்வையின் மாற்றம் பெரும்பாலும் திட்டமில்லாத அக்கம்பக்க நிலத்தில் நேர்ந்ததையே ஒத்திருந்தது என்று காட்டியது. மழை வந்தால் இரண்டும் பச்சை, மழை போனால் இரண்டும் கருகல். இந்த முறை 2023 செப்டம்பர் 30-உடன் புதுத் திட்டங்களுக்கு மூடப்பட்டது. பழைய திட்டங்கள் ஓடுகின்றன. ஆய்வை மேய்ச்சல்காரருக்கு எதிரான வழக்காக நான் படிக்கவில்லை. மூன்றாவது வகை நிலத்தை முதல் வகையைப் போல் கணக்கெழுதியதன் விளைவு அது.

பணம் எப்படி வருகிறது? ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஹெக்டேருக்கு 20,000 டன். இதில் 5 விழுக்காடு இழப்புக்கான காப்பாகப் பிடிக்கப்படும். காட்டை 100 ஆண்டு காப்பேன் என்றால் பிடித்தம் அவ்வளவே, 19,000 வரவு. 25 ஆண்டுதான் என்றால் கூடுதலாக 20 விழுக்காடு போகும்; 15,000. அதிலிருந்து திட்டத்தை நடத்தித் தரும் நிறுவனத்தின் பங்கு, தணிக்கைச் செலவு. விலையோ நிலையில்லாதது. 2015 ஏப்ரலில் நடந்த முதல் அரசு ஏலத்தில் டன்னுக்குச் சராசரி 13.95 ஆஸ்திரேலிய டாலர். 2022 தொடக்கத்தில் சந்தையில் 50 டாலரைத் தாண்டியது. அரசு தன் பழைய ஒப்பந்தங்களிலிருந்து விற்பனையாளர் வெளியேறலாம் என்று அறிவித்ததும் சில நாளில் 30 டாலர் அருகே விழுந்தது. உச்ச விலையில் கணக்குப் போட்டு வேலிக்குக் கடன் வாங்குவது ஆபத்து. மரம் அடர அடரப் புல் குறையும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். பத்தாவது ஆண்டில் அதே அடைப்பு அதே ஆட்டைத் தாங்காது.

பதிவுக்கு முன் கையெழுத்துகள் தேவை. அந்த நிலங்களில் பல அரசுக் குத்தகை. அரசின் ஒப்புதல் வேண்டும். அடமானம் இருந்தால் வங்கியின் ஒப்புதல். பூர்வகுடி மக்களின் நில உரிமை இருந்தால் அவர்களின் ஒப்புதல். கடமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றாலும் வாங்குபவர் தலையில் வரும்.

நெருப்பு வந்தால் கடமை தொலைவதில்லை. தீ, வறட்சி போன்ற இயற்கை இழப்பை அறிவித்து, காடு மீள வழி செய்ய வேண்டும். பழைய அளவு திரும்பும்வரை புது வரவு வராது. வேண்டுமென்றே அழித்தால் வாங்கிய வரவைத் திருப்பித் தர வேண்டும். மல்கா தீக்குத் தாங்காத மரம், பெரும்பாலும் செத்துவிடும். வறண்ட மல்கா அடியில் முன்பு எரிய அதிகம் இருக்காது. இப்போது இருக்கிறது. மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த பஃபல் புல், நம் காங்கேயத்துக் கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் மாடு மேயும் அதே கொழுக்கட்டைப் புல், அங்கே நல்ல மழைக்குப் பின் மரங்களுக்கு நடுவே கட்டுக்கட்டாக நிற்கும். கொறங்காட்டில் கிளுவை உயிர்வேலிக்குள் மாட்டை முறை மாற்றி விட்டு அதைக் குறைத்து வைப்பார்கள். மல்கா அடைப்பை முழுக்கப் பூட்டி ஆளில்லாமல் விட்டால் அந்தப் புல் காய்ந்து தீக்குத் தீனியாகக் காத்திருக்கும். எனவே கன்று வாய்க்கு எட்டாத உயரம் தாண்டிய அடைப்புகளில், மழைக்குப் பின் புல் காயத் தொடங்கும் நேரத்தில் மாட்டை விட வேண்டும். செம்மறியையோ வெள்ளாட்டையோ விட வேண்டாம். மாடு முதலில் புல்லைத்தான் எடுக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டு, நாடாக் கோட்டில் ஒருமுறை நடந்து, புது நுனி பிய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பிய்ந்திருந்தால் அன்றைக்கே வெளியேற்ற வேண்டும்.